உரிய அதிகாரியை அணுகவும்

நான் வரைந்த படம் அது. சாமி படம், பூப்படம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆபீஸ் படம். கொல்கத்தாவில், அலிப்பூர் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக கிளார்க்காக இருக்கிறேன். நோயாளி எங்கே ஆரம்பித்து எங்கே போகவேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பச் சொல்லி ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்ப்யூட்டரில் கட்டம் போடத் தெரிந்தவள் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். அடியில் வார்டு சுகாதார நிலையம், அதற்கு மேல் பொது ஆஸ்பத்திரி, அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அம்புக்குறி எல்லாம் மேலே ஏறும்.

மேலே போனவர் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பவேண்டுமே, அவருக்கு ஓர் அம்பு வேண்டாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "போட்டுடு" என்றார். அம்பை இழுத்தேன். அதன் நுனியில் ஒரு கட்டம் வந்துவிட்டது. அதற்குள் என்ன எழுத? வீட்டுக்கு வந்து பார்க்கிற பணியாளர்கள் மாநகராட்சிக்குக் கீழே. ஊனச் சான்றிதழ் சமூக நலத்துறையில். மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவு இன்னொரு கட்டடம், இன்னொரு கோப்பு. மத்தியானம் இரண்டு மணி. அதிகாரி டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். "'உரிய அதிகாரியை அணுகவும்'னு போட்டு அனுப்பு வசந்தா. யாரு கேட்கப்போறா" என்றார். எனக்கும் பசி. போட்டு அனுப்பினேன். வருஷக்கணக்கில் யாரும் கேட்கவில்லை.

போன வருடம் துர்கா பூஜை முடிந்த வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு. பூஜைக் கூட்டத்தில் நின்று கண்டதையும் தின்றால் வராமல் என்ன செய்யும்? இரண்டு நாளில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும், கரியாஹாட்டில் ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு நடக்கிறேன். பின்னாலிருந்து ஒரு கடைக்காரர் அண்ணி என்று வங்காளத்தில் கூப்பிடுகிறார், "பௌதி, பௌதி, செருப்பு!" திரும்பிப் பார்த்தால் என் இடது செருப்பு நாலு கடை தள்ளிக் கிடக்கிறது. அது கழன்றதே எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், தரை குளிர்ச்சியா சூடா என்றுகூடத் தெரியாமல். சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால் கால் வரவில்லை.

என் வீட்டுக்காரர் சுந்தரம் ஹவுராவில் வால்வு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேசாத மனுஷர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, "டாக்ஸி கூப்பிடுறேன், பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு நேரா போயிடலாம்" என்றார்.

"ஏங்க, எல்லாரும் இப்படி நேரா ஓடுறதாலதான் அங்க பெட்டே இல்லாம கிடக்கு. முதல்ல வார்டு நிலையம். அவங்க சீட்டு குடுத்தா அடுத்தது. சர்க்குலர் அடிச்சவ நானு. நானே மீறலாமா?"

"சர்க்குலர் கிடக்கட்டும் வசந்தா. உனக்கு நடக்க முடியுதா இல்லையா, அதைச் சொல்லு."

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

அப்படித்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. கொல்கத்தாவில் வேறு எந்தப் பைத்தியமும் இதைச் செய்திருக்காது. கால் விழுந்துகொண்டிருக்கிறபோது, படத்தில் போட்டிருக்கிற கட்டத்தை ஒவ்வொன்றாக மதித்துக்கொண்டு போனேன். வார்டு நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். குழந்தைகளின் அழுகைக்கு நடுவே ஒரு டாக்டர் சத்து மாத்திரையும் சீட்டும் கொடுத்தார். பொது ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவு மறுநாள்தான் உண்டு. மறுநாள் போவதற்குள் எனக்குச் சீப்பைப் பிடித்துத் தலை வார முடியவில்லை. எங்கள் மகள் நித்யா வாரிவிட்டாள். இருபத்து நாலு வயது, சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். பின்னலை ரொம்ப இறுக்கிப் போட்டாள்.

பொது ஆஸ்பத்திரி டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவேண்டுமாம். அசையவில்லை. இன்னொரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்றார். "மூணு நாள்" என்றார் சுந்தரம். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "முதல் நாளே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கவேண்டாமா?" சுந்தரம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அன்று எனக்கு வந்த அவமானம் காலோடு சேர்த்து உடம்பெல்லாம் செத்துப்போனாலும் போகாது.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. நடைபாதையில் ஒரு தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் மனிதர்களுக்கு "பேஷண்ட் பார்ட்டி" என்று பெயர். புருஷன், பெண்டாட்டி, மகள் எல்லாரும் பார்ட்டிதான். உள்ளிருந்து யாராவது "பேஷண்ட் பார்ட்டி!" என்று கத்தினால் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். நித்யா ஒவ்வொரு தரமும் ஓடினாள். ரத்தச் சீட்டு, ஸ்கேன் சீட்டு, கையெழுத்து. நான் மல்லாந்து கிடந்தேன். தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு என் படம் தொங்கியது. எனக்குத் தெரியாதா என் கட்டங்களை? கீழிருந்து மேலே மூன்று கட்டமும் ஏறி வந்தாயிற்று. பெருமையாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஏற்பாடு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வைத்தியம் பார்த்தது ஒரு ஒல்லிப் பெண், பயிற்சி டாக்டர். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். "இதுக்கு கில்லன் பாரேன்னு பேரு. ஜி.பி.எஸ்.னு சொல்வோம். வயித்துல வந்த கிருமியோட சண்டை போட உங்க உடம்பு படை அனுப்பிச்சு. கிருமி போயிடுச்சு, படை திரும்பல. உங்க நரம்போட மேலுறையையே தாக்குது. காலில ஆரம்பிச்சு மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினா மூச்சு விடுற தசையும் நிக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு இறங்கிடும். பொறுமையா இருக்கணும்."

மூச்சைப் பார்க்க அவர்களிடம் ஓர் எளிய வழி இருந்தது. நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ண முடிகிறதோ எண்ணவேண்டும். ஆபீஸில் வங்காளம், கடையில் ஹிந்தி, ஆனால் எண்ணச் சொன்னால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. நான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்க, தமிழ் தெரியாத அந்தப் பெண் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். முதல் நாள் சாயங்காலம் முப்பத்தொன்று. மறுநாள் காலை இருபத்திரண்டு. மத்தியானம் பதினாலுக்கு மேல் வரவில்லை. பதினைந்து என்று வாயைத் திறக்கிறேன், காற்று இல்லை. அவள் விரல் அப்படியே நின்றது. நான் செத்துப்போகப் போகிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். கத்தக்கூட மூச்சு இல்லாத பயம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளை ஐந்து நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். மேலே கையெழுத்து வாங்கி, சர்க்கார் கணக்கிலேயே வந்தது. அந்த மருந்துக்கு அனுமதிக் கோப்பு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும், அதனால் கையெழுத்து வரும்வரை இரண்டு நாளும் தூங்கவில்லை. பதினொன்றுவரை இறங்கி எண்ணிக்கை அங்கேயே நின்றது. ஒருநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதினாறு. ஒல்லிப் பெண் கைதட்டினாள். எனக்குக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. காதுக்குள் வழிந்தது.

அங்கிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அறுபது பேருக்கு மூன்று நர்ஸ். என்னைத் திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் கல்யாணி மாசி. மாசி என்றால் சித்தி, இவர்களை ஆயா மாசி என்பார்கள். சர்க்கார் ஆள் அல்ல, நோயாளியின் வீட்டார் தினக்கூலி கொடுத்து வைத்துக்கொள்ளும் பெண். இவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி ஒருநாள் ஓடாது. ஆனால் என் படத்தில் இவர்களுக்குக் கட்டம் கிடையாது. "வெளியாட்களை வார்டில் அனுமதிக்கக் கூடாது" என்று ஒரு சர்க்குலர் உண்டு. அதை அடித்தவளும் நான்தான்.

"தீதி, நீ எந்த ஆபீஸ்?" என்று சோறு ஊட்டிக்கொண்டே ஒருநாள் மாசி கேட்டாள். தீதி என்றால் அக்கா.

"சுகாதாரத்துல."

"அட! அப்போ எங்களுக்கு ஒரு கார்டு போட்டுத் தரச் சொல்லேன். வாசல்ல காவலாளி வந்தா பாத்ரூம்ல ஒளிய வேண்டியிருக்கு."

என் வாய் நிறையச் சோறு இருந்தது, அது ஒரு சௌகரியம்.

மாசி எனக்குச் செய்த இன்னொரு வேலை யாரும் சொல்லிச் செய்ததல்ல. தினமும் காலையும் மாலையும் என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்துவாள். வலி உயிர் போகும். "கத்து, கத்து, நான் விடமாட்டேன்" என்பாள். முடித்ததும் சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளங்கையில் திணித்து, அதன்மேல் விரல்களை மடக்கிவைப்பாள், நகம் உள்ளே குத்தி விரல் அப்படியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க. முப்பது வருடம் வார்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். ஆனால் வலது கையைத் தொடமாட்டாள். அதில் மருந்து ஏற்றும் குழாய் இருந்தது. ரத்தக்குழாய் வீங்கிச் சிவந்து கிடந்தது. "அந்தக் கையில ஊசி இருக்கு. நர்ஸ் தீதி என்னைத் துரத்திடுவாங்க." பிசியோதெரபிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, நாலு நிமிஷம் காலை ஆட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆறு வார்டுக்கு அவர் ஒருத்தர்.

மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உட்காரவைத்தால் உட்காருவேன், நிற்க முடியாது. ஒல்லிப் பெண் நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், எனக்கும் கேட்டது. "நரம்பு திரும்ப வரும். ஆனா அதுவரைக்கும் மூட்டு இறுகிடக் கூடாது. வலது கையை இப்பவே தினமும் ஆள் வச்சுப் பயிற்சி குடுக்கணும். மறுவாழ்வுப் பிரிவுல பெட் வாங்குங்க. தள்ளிப்போட்டா விரல் மடங்கினபடியே நின்னுடும்."

நான் கிளார்க். வலது கைதான் எனக்கு எல்லாம்.

நித்யா டிஸ்சார்ஜ் சீட்டை உரக்கப் படித்தாள். மாத்திரை, சாப்பாடு, மறுபடி எப்போது வரவேண்டும். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். "அம்மா, தொடர் பராமரிப்புக்கு உரிய அதிகாரியை அணுகவும்னு போட்டிருக்கு. கே ஏடா? யாரும்மா அது?"

என் வாக்கியம், ஒரு புள்ளி மாறாமல்.

"தெரியலடி" என்றேன். அது உண்மை.

மூன்றாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள், சுந்தரமும் கீழ்வீட்டுக்காரரும் அவர் தம்பியும். அன்றிலிருந்து சுந்தரம் உரிய அதிகாரியைத் தேட ஆரம்பித்தார். வார்டு நிலையத்தில், நாங்கள் தடுப்பூசி, கர்ப்பிணிகள், டெங்கு கொசு பார்ப்பவர்கள், இதற்குச் சமூக நலத்துறை என்றார்கள். சமூக நலத்துறையில், சான்றிதழ் இருந்தால்தான் பேசமுடியும், சான்றிதழுக்கு நோயாளி நேரில் வந்து குழுவின் முன்னால் நிற்கவேண்டும் என்றார்கள். நிற்க முடியாது என்பதற்குத்தானே சான்றிதழ் என்று சுந்தரம் கேட்டிருக்கிறார். அவர் அப்படிக் கேட்டாரா என்று எனக்கு ஆச்சரியம். மறுவாழ்வுப் பிரிவில், பெட் இருக்கிறது, மாவட்ட அலுவலகப் பரிந்துரை வேண்டும் என்றார்கள். தனியார் ஆள் ஒருவரை வாரம் இரண்டு நாள் வரவழைத்தோம், அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. மற்ற நாட்களில் சுந்தரம் ஹவுராவிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு என் வலது கையைப் பிடிப்பார். நான் கத்தினதும் விட்டுவிடுவார். "விடாதீங்க" என்பேன். "நீ அழுறியே" என்பார். கல்யாணி மாசிக்கு இருந்த கல்மனசு அவருக்கு இல்லை. மாசியை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். வார்டை விட்டு ஒரு வாரம் போனால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவார்களாம்.

"உன் ஆபீஸுக்கே ஒரு போன் பண்ணேம்மா" என்றாள் நித்யா.

பண்ணியிருக்கலாம். ஆனால் எனக்கு இருக்கிற திமிர் இருக்கிறதே! இருபத்தாறு வருடம் சிபாரிசோடு வந்தவர்களை வாசலோடு திருப்பியவள். கடைசியில் சுந்தரத்தை அலிப்பூருக்கு அனுப்பும்போதும் சொல்லியனுப்பினேன், "நீங்க யாருன்னு சொல்லாதீங்க. எல்லாரையும் போல மனு குடுத்துட்டு வாங்க." சொன்னால் சொன்னபடி செய்கிறவர் அவர்.

சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"கவுன்ட்டர்ல ஒரு புதுப் பொண்ணு. மனுவை வாங்கி என்ன விஷயம்னு பார்த்துச்சு. இது ஏழாம் நம்பர் சீட்டுன்னுச்சு."

அவர் மேலே சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு விஷயமும் ஒரு நாற்காலிக்கு, அதாவது ஒரு சீட்டுக்கு, ஒதுக்கியிருக்கும். கவுன்ட்டரில் விஷயத்தைத்தான் பார்ப்பார்கள், கீழே எழுதியிருக்கிற பேரைப் பார்க்கமாட்டார்கள். நானும் பார்த்ததில்லை.

"அந்த சீட்டு அம்மா மெடிக்கல் லீவுல இருக்காங்களாம். அவங்க வந்து ஜாயின் பண்ணினாத்தான் இது நகருமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்ப வருவாங்கன்னு கேட்டேன். உடம்பு சரியானா வருவாங்க, யாருக்குத் தெரியும்னுச்சு. ரசீது குடுத்துச்சு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

நான் சிரித்தேன். எனக்கே நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். அப்புறம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார், கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத அழுகை. அவர் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. என் கை எழவில்லை.

மறுநாள் போன் பண்ணச் சொன்னேன். ஆபீஸே திரண்டு சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தது. எல்லாரும் நல்லவர்கள், இரண்டு பேர் அழுதார்கள். கோப்பு நகர்ந்தது. ஆனால் என் சீட்டைத் தாண்டினபிறகு அது எங்கே போகவேண்டும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நாலு மாதத்தில் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து தேதி வந்தது. அதற்குள் நான் கோலூன்றி நடந்துகொண்டிருந்தேன். அங்கே டாக்டர் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. "முதல்லயே வந்திருக்கணும்" என்றார் மெதுவாக. இடது கை நன்றாக இருந்தது. அதற்கு யார் பயிற்சி கொடுத்தது என்று கேட்டார்.

வெயில் காலத்தில் வேலைக்குத் திரும்பினேன். ஏழாம் நம்பர் மேஜையில் மனுக்கள் கட்டாகக் கிடந்தன. நான் இல்லாத மாதங்களில் வந்தவை, எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுடையவை. பக்கவாதம், முதுகு உடைந்தது, மூளைக் காய்ச்சல். நடுவில் சுந்தரத்தின் சாய்ந்த கையெழுத்து. பக்கத்துச் சீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன வசந்தாதி, வழக்கமா போடுறதைப் போட்டு அனுப்பிடுங்க" என்றாள். இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு அனுப்புவது என்ற இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வரியை எழுத மனம் வரவில்லை, எழுத வேறு பேரும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒருவர் வந்தார். கேனிங் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தவர், லுங்கி, கையில் பாலிதீன் பை. அவர் மனைவிக்கும் என் வியாதிதான். மூன்று தரம் வந்து திரும்பியிருக்கிறார். ஏழாம் நம்பர் வந்துவிட்டார்கள், போய்ப் பாருங்கள் என்று கவுன்ட்டரில் அனுப்பியிருக்கிறார்கள். சீட்டை நீட்டி, "தீதி, உரிய அதிகாரின்றது நீங்கதானா?" என்றார்.

வலது கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சீட்டை வாங்கினேன். உட்காரச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த கம்சாத் துண்டைக் கேட்டு வாங்கி, மேஜைமேல் வைத்து ஒற்றைக் கையால் சுருட்டி, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிக் காட்டினேன். "தினமும் ரெண்டு வேளை. முதல்ல நிமிர்த்துங்க, அப்புறம் இப்படி வைங்க. கத்துவாங்க. கத்தினாலும் விடாதீங்க."

அவர் இரண்டு தரம் செய்து பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"சரி தீதி. அந்தக் காகிதம்?"

"காகிதம் இங்க இருக்கட்டும்" என்றேன்.